வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குத் தனிக்கதவு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கருப்பி வெளியே போகாத பூனை. சாப்பாடு, மெத்தை, மடி எதற்கும் குறைவில்லை. ஆனாலும் விடிவதற்குள் எழுந்து பின்கதவின் அடியில் முன்காலை நுழைத்துக்கொண்டு கத்துவாள். நடக்கிறவர் கணுக்காலைப் பாய்ந்து கவ்வுவாள். வயிற்று ரோமத்தை நக்கி நக்கி ஓரிடத்தில் வெறும் தோலே தெரிந்தது. இதைச் சலிப்பு என்று நாமே முடிவு செய்யக் கூடாது. தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை, சிறுநீர்ப்பை வலி என எது இருந்தாலும் பூனை இப்படி நக்கும். மருத்துவர் பார்த்து, உடம்பில் குறையில்லை என்று சொன்ன பிறகுதான் கதவைப் பற்றி யோசித்தோம்.

தெருவுக்குத் திறக்கும் கதவு அல்ல. பின்புறத் திண்ணையைத் தரை முதல் கூரை வரை கம்பிவலையால் அடைத்து, மரக்கதவின் கீழ்ப்பகுதியில் ஓட்டை போட்டு, முன்னும் பின்னும் ஆடும் தொங்கு மூடி பொருத்தினோம். ஓட்டையின் கீழ் விளிம்பு பூனையின் வயிற்று உயரத்துக்கு வந்தால், காலை எளிதாகத் தூக்கி வைத்துத் தாண்டும். கண்ணாடிக் கதவு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது, முழுவதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஓட்டையோடு செய்த புதுக் கண்ணாடிதான் வாங்க வேண்டும்.

பழக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். முதலில் மூடியைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டையாகவே விட்டோம். கருப்பி தலையை மட்டும் நீட்டி, மீசை இரு ஓரமும் உரசுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பின்வாங்கினாள். போய்வரத் துணிந்ததும் மூடியை மாட்டி, பாதி தூக்கிய நிலையில் நாடாவால் ஒட்டினோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். மூடி காந்தத்தில் ஒட்டும்போது எழும் ‘டக்’ சத்தம்தான் அவளை அதிகம் மிரட்டியது. மறுபக்கம் மீன் துண்டோடு உட்கார்ந்து, அவளாக மூக்கால் தள்ளும்வரை காத்திருந்தோம். பூனையைப் பிடித்து ஓட்டைக்குள் திணிக்கவே கூடாது. ஒருமுறை பயந்தால் அந்தப் பக்கமே வராது.

வயிற்றில் ரோமம் மறுபடி முளைத்துவிட்டது. கணுக்கால்களும் தப்பித்தன. திண்ணையில் அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பல்லியைப் பார்க்கிறாள், காற்றை மோக்கிறாள், உள்ளே வந்துவிடுகிறாள். எப்போது போவது, எப்போது வருவது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். மாற்றத்துக்குக் காரணம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

எங்கள் பூனை தோட்டத்துக்கே போய்வரும். சாதாரணத் தொங்கு மூடி வைத்தபோது அக்கம்பக்கத்துக் கடுவன் உள்ளே புகுந்து, தட்டைக் காலி செய்துவிட்டுச் சோபாவில் சிறுநீர் பீய்ச்சிவிட்டுப் போனது. எங்கள் பூனை பயத்தில் அலமாரி மேலேயே குடியிருந்தது. இப்போது மைக்ரோசிப் படிக்கும் கதவு வைத்திருக்கிறோம். தோலுக்கடியில் இருக்கும் அரிசி மணி அளவுச் சிப்பின் எண்ணைப் படித்து, நம் பூனைக்கு மட்டும் தாழ்ப்பாள் விலகும். வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: பல கதவுகள் உள்ளே வரும்போது மட்டுமே சிப்பைப் படிக்கும். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்து, ஒன்றை மட்டும் வெளியே விடாமல் வைக்க வேண்டுமென்றால் இரு பக்கமும் படிக்கும் கதவு தேவை. கருத்தடையும் தடுப்பூசியும் முடியாமல் தயவுசெய்து எந்தப் பூனையையும் வெளியே விடாதீர்கள்.

*

வாடகை வீடு, அதுவும் மேல்மாடி. கதவில் கை வைக்க வழியில்லை. ஜன்னலுக்கு உறுதியான வலை அடித்து, அதையொட்டி ஒரு பலகை பொருத்தினேன். பூனை விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பறவையைப் பார்த்த வேகத்தில் பாயும்போது அதற்கு உயரம் தெரியாது. அதிகாலையும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம். அந்த இரு வேளையும் கயிற்றில் இறகு கட்டி ஓடவிட்டு, முடிவில் அதைப் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வைக்கிறேன். வேட்டை, இரை, குளியல், தூக்கம் என்று அதன் இயல்பான வரிசையில் அடங்கிவிடுகிறது. கதவு வைக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம்.

*

பூனைக்கு எதற்குத் தனிக்கதவு என்று வீட்டில் கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்தில், பழைய கடிகாரத்துக்குக் கீழேயுள்ள கதவில் பூனைக்காக வெட்டிய ஓட்டையை இன்றும் பார்க்கலாம். எலி பிடிக்கப் போய்வருவதற்காக நானூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டியது.

கருப்பி வீட்டாரிடம் ஒரு கேள்வி. என் பூனைக்குப் பதினான்கு வயது, மூட்டுவலி உண்டு. தாண்டுமா?

*

தாண்டும், ஆனால் ஓட்டையை இன்னும் தாழ்வாக வையுங்கள். இரு பக்கமும் வழுக்காத படி ஒன்று போடுங்கள். எடை குறைந்த மூடியாகத் தேர்ந்தெடுங்கள். தள்ளவே சிரமப்பட்டால் மூடியை எடுத்துவிட்டு மெல்லிய துணித்திரை தொங்கவிடலாம். திண்ணை வலையடைப்புக்குள் இருந்தால் அதுவே போதும்.