240ஓ எஃப்.டி.1ஓ? றம்பொடையில ஏ.சி.யை நிப்பாட்டினதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ

நல்லூரான் | காலை 8.10
நேற்று மானிப்பாய்த் தம்பி இஞ்சை ஒரு கேள்வி கேட்டவர். மனிசி, ரெண்டு பிள்ளையள், அம்மா, தான் எண்டு ஐஞ்சு பேர். கையில 60 இலட்சம், அதுக்கு மேல ஏலாது. பழைய கார்தான், ஆனால் நல்ல இழுவை வேணும். கொழும்புக்கும், மனிசியின்ரை ஆக்கள் இருக்கிற நுவரெலியாவுக்கும் வருசத்தில ரெண்டு மூண்டு தரம் போய்வாறவர். அதுக்கு ஹயர் அண்ணை குடுத்த மறுமொழி இது: "ரொயோட்டா அலியன் 240 எடும், 1500 சி.சி. காணும். நான் ஐஞ்சு பேரோடையும் சாமானோடையும் ஏ.சி. போட்டபடி நுவரெலியா ஏறினனான். ஒரு இடத்திலையும் இளைக்கேல்லை."

இதை வாசிச்சாப் பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. 109 குதிரைவலு. ஐஞ்சு பேர். சாமான். ஏ.சி. போட்டபடி. அண்ணை, நுவரெலியா ஏற்றத்தில வாற றம்பொடை வளைவுகளில ஏ.சி.யை நிப்பாட்டினியளோ இல்லையோ? இன்னொருத்தன்ரை காசு இது, கதை சொல்லி வாங்க வைக்காதேங்கோ. ஹொண்டா சிவிக் எஃப்.டி.1 பாருங்கோ தம்பி. 1800 சி.சி., 140 குதிரை. பொறுமையா தேடினால் உங்கடை காசுக்குள்ளையே பிடிக்கலாம்.

ஹயர் அண்ணை | காலை 8.41
நிப்பாட்டேல்லை. எழுதி வையும்.

நான் 1998ல இருந்து ஹயர் ஓடுறன். யாழ்ப்பாணம் வாற ஏ9 றோட்டு 2002ல திறந்ததும் தெரியும், 2006ல திரும்பப் பூட்டினதும் தெரியும். நீர் கடதாசியில குதிரை எண்ணுறீர், நான் றோட்டில எண்ணுறன். 240க்குள்ள கிடக்கிற என்.இசட். இஞ்சின்தான் கொறொல்லா 121க்கும், பிறிமியோவுக்கும், அக்சியோவுக்கும். ரைமிங் பெல்ற் இல்லை, செயின். யாழ்ப்பாணத்தில எந்தக் கராச்சில கொண்டே விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவாங்கள். உதிரிச் சாமான் இல்லையெண்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில இருந்து அடுத்தநாள் பஸ்ஸில வரும். அதுதான் குடும்பக் கார்.

நல்லூரான் | காலை 8.47
சாமான் கதையை ஆர் கேட்டது? ஏ.சி. போட்டபடி 109 குதிரை ஐஞ்சு பேரை இழுத்ததோ இல்லையோ எண்டுதான் கேட்டனான்.

கணக்கு வாத்தியார் | காலை 9.05
இரண்டு பேரும் ஒரு நிமிடம் பொறுங்கள். 'இழுவை' என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். குதிரைவலுவா, முறுக்குவிசையா? 240 இன் 1500 இஞ்சினுக்கு 109 குதிரை, முறுக்குவிசை 141 நியூட்டன் மீற்றர். எஃப்.டி.1 இற்கு 140, 174. ஆனால் எஃப்.டி.1 பாரமும் கூடிய கார். இன்னொன்று: நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரம். ரேர்போ (காற்றை அமுக்கி ஊட்டும் கருவி) இல்லாத இஞ்சின் அந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வலுவை இழக்கும், காற்று ஐதாக இருப்பதால். அது இரண்டு காருக்கும் பொது. ஆகவே கேள்வி

நல்லூரான் | காலை 9.07
பாத்தியளோ! ஐந்திலொரு பங்கு போச்சு. 109ல 22 போனால் 87. அந்த 87ல ஏ.சி.யும் ஓடினதாம்.

கணக்கு வாத்தியார் | காலை 9.10
நான் எழுதி முடிக்கவில்லை. எஃப்.டி.1 உம் 112 இற்கு இறங்கும் என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

ஹயர் அண்ணை | காலை 9.22
வாத்தியார், உங்களில மரியாதை இருக்கு, ஆனால் கணக்குப் புத்தகம் கார் ஓடாது. நான் சொல்லுறன் கேளுங்கோ. போன வருசம் ஆனி மாதம், விடியப்புறம் மூண்டு மணிக்குக் கொக்குவிலில இருந்து வெளிக்கிட்டது. பெரியவை நாலு பேர், ஒரு பத்து வயதுப் பிள்ளை. டிக்கியில ரெண்டு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஒரு கட்டு ஒடியல், மூண்டு சூட்கேஸ். முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, வவுனியாவில தேத்தண்ணி. தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை. கம்பளையில இருந்து ஏற்றம். முன்னுக்கு ஒரு மரக்கறி லொறி, வெறும் லொறி, மேல ஏத்தப் போறது. ஓவர்டிறைவை நிப்பாட்டினன், கியர் மூண்டுக்கு இறங்கினது, மிதிச்சன், லொறி பின்னுக்குப் போச்சு. வெப்ப முள்ளு பாதியில இருந்து ஒரு மயிர் அசையேல்லை. பின்னுக்கு இருந்த கிழவி நித்திரை. ஏ.சி. ஓடினது.

இதுக்கு மேல என்ன வேணும்? ஏ9ல சட்டப்படி 70. ஊருக்குள்ள 50. 140 குதிரையை எங்கை மேயவிடப் போறீர்? குடாநாட்டில ஏற்றம் எங்கை இருக்கு? கீரிமலையில பேரில மட்டும்தான் மலை.

நல்லூரான் | காலை 9.30
லொறியைக் கடக்கத்தான் 140 வேணும். 70ல ஓட இல்லை. எதிர்ப்பக்கம் பஸ் வரேக்கை, 50ல இருந்து 80க்கு எத்தனை செக்கனில போறது எண்டதுதான் பின்சீற்றில இருக்கிற பிள்ளையளின்ரை உயிர். நான் ஒரு 1500 காரில, என்ன கார் எண்டு சொல்லேல்லை, மாங்குளத்துக்கு இஞ்சால இந்தப்பக்கம் பாதி கடந்தபடி மாட்டுப்பட்டனான். சாரதி ஏ.சி. சுவிச்சைத் தட்டினவர். தட்டினாப் பிறகுதான் கார் அசைஞ்சது. என்ரை மனிசி என்ரை கையை இறுக்கிப் பிடிச்ச அடையாளம் ரெண்டு நாள் கிடந்தது. அதுதான் கேக்கிறன், திரும்பத் திரும்பக் கேப்பன்: தட்டினியளோ?

கராச் சுன்னாகம் | காலை 10.02
ரெண்டு பேரும் வீணாச் சண்டை பிடிக்கிறியள். கன கார்களில அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சால் கொம்பியூட்டரே கொம்பிறசரைச் சில செக்கனுக்கு வெட்டிவிடும். சுவிச்சைத் தட்டத் தேவையில்லை. சாரதிக்கே தெரியாது.

நல்லூரான் | காலை 10.04
அப்ப ஏ.சி. நிண்டது! கராச்சே சொல்லிப்போட்டுது!

ஹயர் அண்ணை | காலை 10.06
நான் நிப்பாட்டேல்லை எண்டுதான் சொன்னனான். அது தானா வெட்டினால் நான் நிப்பாட்டினதோ?

கராச் சுன்னாகம் | காலை 10.15
நான் சொல்ல வந்தது வேற. எஃப்.டி.1 பாக்கிறவை 2006க்கும் 2009க்கும் இடைப்பட்டதெண்டால் புளொக்கை வடிவாப் பாருங்கோ. அந்தக் காலத்து ஆர்18 இஞ்சின் சிலதில புளொக் வெடிச்சுக் கூலன்ற் கசிஞ்சது, அமெரிக்காவில ஹொண்டாவே வொறண்டியை நீட்டிக் குடுத்தது. அதுக்காக எல்லாம் அப்பிடி எண்டில்லை. 240 எண்டால் ஒயில் குடிக்குதோ பாருங்கோ. காலமை குளிர்ந்த இஞ்சினை நீங்களே ஸ்ராட் பண்ணிச் சைலன்சர் புகையைப் பாருங்கோ. விக்கிறவன் முதலே சூடாக்கி வைச்சிருந்தால் திரும்பி வாங்கோ.

தீவக ரீச்சர் | காலை 10.40
நான் நாளாந்தம் பண்ணைப் பாலத்தால வேலணைக்கு ஓடுறன். குதிரை, குதிரை எண்டு மூண்டு மணித்தியாலமாக் கதைக்கிறியள், கறளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கடல் காத்து, உப்புத் தண்ணி. மேல பளபளக்கும், காரைத் தூக்கிப் பாத்தால் சில்லு வளைவுக்குள்ள விரல் போகும். தட்டிப் பட்டி பூசி ரிங்கரிங் அடிச்சு மறைச்சிருப்பாங்கள். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கோ. தகட்டில ஒட்டும், பட்டி பூசின இடத்தில ஒட்டாது. நான் அப்பிடித்தான் ரெண்டு காரை வேண்டாம் எண்டு விட்டனான். பிறகு காரின்ரை பதிவுப் புத்தகத்தில, அதுதான் சி.ஆர்., லீசிங் கொம்பனியின்ரை பேர் கிடக்கோ எண்டும் பாருங்கோ.

நல்லூரான் | காலை 10.44
ரீச்சர் சொல்லுறது சரி. ஆனால் கறள் இல்லாத 109 குதிரையும் 109தான்.

தீவக ரீச்சர் | காலை 10.46
ஒருத்தரும் வாசிக்கிறேல்லை, எழுதுறதோடை சரி.

வல்வையூரான் ரொறன்ரோ | காலை 11.20
என்னப்பா 1500, 1800 எண்டு அடிபடுறியள். நான் இஞ்சை வைச்சிருக்கிறது 3500 சி.சி., ஆறு சிலிண்டர், ஏழு பேர் ஏறலாம். 20 வருசப் பழசுக்கு 60 இலட்சமோ? அந்தக் காசுக்கு இஞ்சை புதுசே எடுக்கலாமே.

ஹயர் அண்ணை | காலை 11.25
அண்ணை, 2020 பங்குனியில வாகனம் இறக்கிறதை நிப்பாட்டினவங்கள். கார் திரும்ப வரத் தொடங்கினது 2025 மாசியில. ஐஞ்சு வருசம் இருக்கிற காரையே மாறி மாறி வித்தது. சி.சி. கூடக் கூட வரியும் கூடும். அது தெரியாமல் அங்கை பனிக்குள்ள இருந்து கணக்குச் சொல்லாதேங்கோ.

வல்வையூரான் ரொறன்ரோ | காலை 11.31
கோவிக்காதையும். நாங்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜில மண்ணெண்ணெய் ஊத்தி ஓடின ஆக்கள்தான். சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகை வீடு முழுக்க. ஆனால் பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் எட்டுப் பேரை இழுத்தது.

நல்லூரான் | காலை 11.34
கேம்பிறிட்ஜில ஏ.சி. இல்லை.

ஹயர் அண்ணை | மத்தியானம் 12.10
பெற்றோல் எண்டதும் ஞாபகம் வந்தது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூ.ஆர். கோட்டுக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்ப 1800 வைச்சிருந்தவை என்ன பாடுபட்டவை எண்டு நான் கண்ணால பாத்தனான். பெற்றோல் செட்டில ரெண்டு நாள் படுத்தவங்கள். மானிப்பாய்த் தம்பிக்கு ஒரு சம்பளம். அவருக்கு வாங்கிற அண்டு மட்டும் இல்லை, ஒவ்வொரு மாசமும் செலவு. இழுவை வேணும் எண்டு கேட்டவர்தான், ஆனால் அண்ணன் எண்ட முறையில நான் அவரின்ரை பொக்கற்றையும் பாக்கவேணும்.

நல்லூரான் | மத்தியானம் 12.18
அண்ணன் எண்ட முறையில என்ரை மச்சானின்ரை பொக்கற்றையும் பாத்தனீங்கள்தானே. நீங்கள் கைகாட்டின கார் சேலில, பேர் சொல்லேல்லை, அவன் எடுத்த கார். மீற்றர் 84,000 காட்டினது. கதவுச் சட்டத்தில ஒட்டிக் கிடந்த பழைய ஒயில் மாத்தின சீட்டில 1,62,000. அந்தச் சீட்டு இப்பவும் என்ரை லாச்சிக்குள்ள கிடக்கு.

ஹயர் அண்ணை | மத்தியானம் 12.25
அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லுவீர்? கடையைத்தான் காட்டினனான், காரைக் காட்டேல்லை. சீட்டு கதவில கிடந்ததெண்டால் உம்மடை மச்சான் காசு குடுக்க முதல் கதவைத் திறக்கேல்லையோ? ஒரு சதம் கொமிசன் நான் வாங்கேல்லை. எந்தக் கோயில் வாசலிலையும் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவன்.

நல்லூரான் | மத்தியானம் 12.27
அப்ப ஏ.சி.க்கும் சேர்த்து அணையுங்கோ.

மானிப்பாய்த் தம்பி | பின்னேரம் 2.50
எல்லாருக்கும் நன்றி. இப்பதான் வேலையால வந்து வாசிச்சனான். நான் கேட்க மறந்த ஒண்டு: அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஏறி இறங்க எது சுகம்? எஃப்.டி.1 தாழ்வு எண்டு சொல்லுகினம். மற்றது, 240இலையும் 1800 இஞ்சின் வந்ததாமே, 132 குதிரையாம். அதைப் பாக்கலாமோ?

ஹயர் அண்ணை | பின்னேரம் 2.58
தம்பி, நீர் 1500ஐ எடும். அம்மாவுக்கு 240 கதிரையில இருக்கிற மாதிரி. எஃப்.டி.1ல குந்தவேணும், எழும்பேக்கை ரெண்டு பேர் பிடிக்கவேணும். ஐஞ்சு பேர் ஏறினால் எங்கடை ஒழுங்கைகளில அடி முட்டும். நான் கூட்டிக்கொண்டு போன கிழவி 78 வயது. றம்பொடை தாண்டிக் கோயிலடியில தானே இறங்கித் தானே ஏறினவ. பிறகு அவ குளிர்காத்து நல்லாயிருக்கு எண்டு சொல்லக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனது.

நல்லூரான் | பின்னேரம் 3.01
கண்ணாடியை இறக்கிக்கொண்டு?

ஹயர் அண்ணை | பின்னேரம் 3.03
ஓம். குளிர்காத்து.

நல்லூரான் | பின்னேரம் 3.04
கண்ணாடி இறக்கி ஏ.சி. போடுற ஆளை நான் இன்னும் காணேல்லை. காலமை எட்டு மணியில இருந்து இதைத்தானே கேட்டனான்!

ஹயர் அண்ணை | பின்னேரம் 3.09
அது கோயிலுக்குப் பிறகு. லொறியைக் கடந்தது அதுக்கு முதல். கண்ணாடி வேற, ஏ.சி. வேற. நீர் ரெண்டையும் குழப்பிறீர்.

கணக்கு வாத்தியார் | பின்னேரம் 3.15
கோயிலுக்குப் பிறகும் ஏற்றம் கிடக்கிறது. நுவரெலியா வரை ஏறத்தான் வேண்டும்.

ஹயர் அண்ணை | பின்னேரம் 3.17
வாத்தியார், நீங்களும் அந்தப் பக்கமோ?

கராச் சுன்னாகம் | பின்னேரம் 3.40
தம்பி மானிப்பாய், 240 1800 கேட்டீரே. அந்த இஞ்சினில முதல் வருசத்துக் கார்கள் கூடுதலா ஒயில் குடிக்கும். எதைப் பாத்தாலும் காசு குடுக்க முதல் சுன்னாகத்துக்குக் கொண்டுவாரும். தூக்கிப் பாத்துச் சொல்லுறன்.

தீவக ரீச்சர் | பின்னேரம் 3.44
காந்தத்தை மறக்காதேங்கோ தம்பி.

நல்லூரான் | பின்னேரம் 3.52
ஞாயிற்றுக்கிழமை வாங்கோ அண்ணை. உங்கடை 240, என்ரை எஃப்.டி.1. ரெண்டிலையும் ஐஞ்சு ஐஞ்சு பேர். கம்பளையில இருந்து றம்பொடை வரைக்கும். ஏ.சி. சுவிச்சில வாத்தியார் கை வைச்சுக்கொண்டு இருக்கட்டும்.

ஹயர் அண்ணை | பின்னேரம் 3.58
ஞாயிறு எனக்குக் கலியாண ஹயர். அதுவும் ஐஞ்சு பேர்தான், ஏ.சி. போட்டபடிதான்.

நல்லூரான் | பின்னேரம் 3.59
எங்கை கலியாணம்?

ஹயர் அண்ணை | பின்னேரம் 4.02
கோண்டாவில்.