புதுப்பிப்பு: அந்தக் கடிதங்கள் நின்றுவிட்டன

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் விடாமல் கடிதமும் குறுஞ்செய்தியும் அனுப்புகிறார், மிரட்டல் எதுவும் இல்லை, இதைத் தொல்லை என்று சொல்லலாமா என்று 3 மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சொல்லலாம். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் வந்தால் தொல்லைதான், வார்த்தை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி. ஆனால் நான் அதுவரை "வேலை அதிகம்", "அப்புறம் பேசலாம்" என்றே மழுப்பியிருந்தேன். அதனால் ஒரே ஒரு வரி அனுப்பினேன்: "இனி எனக்கு எந்த வழியிலும் எழுத வேண்டாம்." காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதன் பிறகு பதிலே போடவில்லை. இதுதான் கடினமாக இருந்தது. 10 செய்திக்கு அப்புறம் கோபத்தில் ஒரு பதில் போட்டால்கூட, 10 முறை தட்டினால் கதவு திறக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்.

நான்காம் நாள் புது எண்ணிலிருந்து வந்தது: "நேற்று பச்சைக் குடையோடு போனீர்கள், அழகாக இருந்தது." கை நடுங்கிவிட்டது. அன்றே காவல் நிலையம் போனேன். உறைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது பெரிய உதவி, தபால் முத்திரையில் தேதி இருக்கிறதே. செய்திகளையும் அழிக்காமல், எண்ணும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதியிருந்தேன். தனித்தனியே சாதாரணமாகத் தெரிந்தவைதான். வரிசையாகப் படித்தபோது அந்த அதிகாரியின் முகமே மாறிவிட்டது.

கடிதம் அனுப்பியவரைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். 6 வாரமாக எதுவும் வரவில்லை. நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். குடை மட்டும் இன்னும் மூலையிலேயே இருக்கிறது.