நம்ம தெருவில் நடப்பதை நம்பகமாகத் தெரிந்துகொள்வது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எதிர் வீட்டில் கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். தாழ்ப்பாளைச் சுற்றி மரம் பிளந்து, சிராய் சிராயாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தெரிந்ததே இரண்டு நாள் கழித்துத்தான். அடுத்த தெருவில் இதே மாதிரி முன்பே நடந்திருக்கிறதாம். தெரிந்திருந்தால் அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதுதான் மனதை அரிக்கிறது.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப முடியவில்லை. தேதியும் இடமும் இல்லாமல் சுற்றிய ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ வதந்தியால் ஒன்றும் அறியாத வழிப்போக்கர்கள் அடிபட்டுச் செத்திருக்கிறார்கள். சில நாடுகளில் காவல்துறையே குற்ற வரைபடம் வெளியிடுகிறது. ஆனால் புகாரானவை மட்டும்தான் அதில் ஏறும், அதுவும் தாமதமாக. இடத்தையும் பெரும்பாலும் தோராயமாகத்தான் காட்டுவார்கள்.

உங்கள் பகுதியில் என்ன செய்கிறீர்கள்? காவல் நிலையத்தில் யாரிடம், எப்படிக் கேட்டால் விவரம் சொல்கிறார்கள்? தெருக்காரர்கள் சேர்ந்து குழு வைத்திருந்தால், உறுதியாகாத செய்தியும் முன்பின் தெரியாதவர் படமும் அதில் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? இது எனக்கு ரொம்ப முக்கியம். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பெரியம்மா இன்னும் ராத்திரியில் விளக்கை அணைப்பதில்லை.