காயத்துக்குப் பின் தாக்குதல் வரிசை ஆட்டக்காரர் மீண்டு வர முடியுமா?

கேள்வி: தாய்மாமன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை திருமணமாகி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மூத்த மகன் அங்கே உயர்நிலைப்பள்ளி அணியில் அமெரிக்கக் காற்பந்து ஆடுகிறான். தாக்குதல் வரிசையில் அவனுடைய இடம் 'லெஃப்ட் டேக்கிள்'. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை இடப்பக்கம் நின்று காப்பது அவன் வேலை. அங்கே வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை காலை என்பதால், தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்ற என் அப்பாவும் நானும் பசியாறிக்கொண்டே கைப்பேசியில் பார்ப்பது வழக்கம்.

கடந்த பருவம் அவனுக்குச் சரியாக அமையவில்லை. வெளிப்பக்கமாக வேகமெடுத்துச் சுற்றி வரும் எதிரணியினர் அவனை எளிதாகக் கடந்து போனார்கள். பயிற்றுநரும் சில ஆட்டங்களில் அவனைப் பாதியிலேயே வெளியே உட்கார வைத்தார். அந்த நிலையில், அக்டோபரில், வலது முழங்காலை உறுதியாகப் பிடித்திருக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்துபோனது. நவம்பரில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. ஆகஸ்ட் இறுதியில் பள்ளியில் அவனுடைய கடைசிப் பருவம் தொடங்குகிறது. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் அதில் ஆடியே ஆக வேண்டும் என்று துடிக்கிறான்.

காயத்துக்கு முன்பே தடுமாறிக்கொண்டிருந்த ஒருவன், காயத்துக்குப் பின் முன்னைவிட நன்றாக ஆட வாய்ப்பு உண்டா? பிள்ளைக்கு வீண் நம்பிக்கை கொடுக்கவும் எனக்கு மனமில்லை. அவன் மனம் உடையும்படி பேசவும் மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பின்னிரவு ரசிகன், தைப்பிங்

வணக்கம் அண்ணா. அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களைத் திங்கட்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு எழுந்து பார்க்கும் சிலரில் நானும் ஒருவன். உங்கள் கேள்விக்கு நேரான விடை பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ரோனி ஸ்டான்லியிடம் இருக்கிறது. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் 2016 தேர்வில் ஆறாவது ஆளாக எடுக்கப்பட்டு, 2019-இல் நாட்டிலேயே தலைசிறந்த லெஃப்ட் டேக்கிள்களுள் ஒருவராக அறிவிக்கப்பட்டவர் அவர். 2020 அக்டோபர் இறுதியில் பெரிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்; அடுத்த இரண்டே நாளில் கணுக்கால் முறிந்தது. 2021-இல் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மறுபடியும் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். 2023-இல் பழைய கால்வேகம் இல்லாமல் அவர் பட்ட பாட்டையும், பருவத்தின் இறுதியில் இன்னொருவரோடு மாறி மாறி ஆட வேண்டியிருந்ததையும் பார்த்த பலர், அவர் கதை முடிந்தது என்றே பேசினார்கள். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதான் 2024 பருவத்துக்கு வந்தார். அந்தப் பருவத்தின் 17 ஆட்டங்களிலும் ஆடி, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பௌல் தேர்வும் பெற்று, 2025 மார்ச்சில் மூன்று ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் மதிப்புள்ள புதிய ஒப்பந்தத்தையும் வாங்கினார். அடிபட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்.

மெக்காய் பெக்டன் உங்கள் மருமகனுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். நியூயார்க் ஜெட்ஸ் அணி 2020 தேர்வின் முதல் சுற்றில் எடுத்த டேக்கிள். 2021-இன் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. 2022 பயிற்சி முகாமில் அதே முழங்காலில் மறுபடியும் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் போனது. 2023-இல் திரும்பி வந்து டேக்கிளாகத் தடுமாறினார். 2024-இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில், ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் என்னும் பயிற்றுநரிடம் சேர்ந்து, உள்வரிசையில் 'கார்ட்' இடத்துக்கு மாறினார். அங்கே இருபுறமும் துணைக்கு ஆள் உண்டு, பின்வாங்கிக் காக்க வேண்டிய பரப்பும் குறைவு. அந்தப் பருவத்தில் பந்தைத் தூக்கி ஓடும் சேக்வான் பார்க்லி 2,005 கெஜம் ஓடியது அந்த வரிசைக்குப் பின்னால்தான். பருவ முடிவில் லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் கிண்ணமும் கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ரயன் ராம்சிக் மிகத் திறமையானவர். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து 2024 பருவம் முழுவதும் ஆட முடியாமல், 2025-இல் ஓய்வை அறிவித்தார். ஆகவே எந்தத் திசு கெட்டது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

பதில்: இயன்முறை மருத்துவர், ஈப்போ

அண்ணா, ஆகஸ்ட் என்ற தேதியை வைத்துக்கொண்டு காலைத் தயார் செய்ய முயல வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். ஏசிஎல் அறுவையில் புதிதாகப் பொருத்தும் தசைநார் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகே மெல்ல மெல்ல உறுதிப்படும். நடப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் குதிக்கத் தொடங்கும் காலமும் அதுவே என்பதால்தான் இதில் ஆபத்து அதிகம். ஒன்பது மாதங்களுக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புபவர்களுக்கு மீண்டும் அடிபடும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. பதின்ம வயதினருக்கு அந்த ஆபத்து பெரியவர்களைவிட அதிகம்; நல்ல காலில்கூட அடிபடலாம். நவம்பரிலிருந்து ஒன்பது மாதம் என்றால் ஆகஸ்ட்தான். ஆனால் அது வாசற்படி மட்டுமே. தொடையின் முன்தசை வலிமை மறுகாலோடு ஒப்பிட்டால் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவி இறங்கும் சோதனைகளிலும் இரண்டு காலும் ஒன்றுபோல் இயங்க வேண்டும்.

லெஃப்ட் டேக்கிளுக்கு வலது கால் உட்பக்கக் கால். இடது காலைப் பின்னால் நகர்த்தும் ஒவ்வோர் அடிக்கும் உந்துதல் தருவது அதுவே. எதிரி திடீரென உள்பக்கம் திரும்பினால் உடலின் பாரம் முழுவதையும் தாங்கி நிறுத்துவதும் அதுவே. ஆகவே நேர்க்கோட்டில் ஓடிக் காட்டினால் போதாது. முழங்காலும் இடுப்பும் மடங்கிய நிலையில், பக்கவாட்டில் ஒருவர் தள்ளும்போது அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் மூட்டு வீங்குகிறதா? உடல் எடை கூடியிருக்கிறதா?

மறுமொழி: தாய்மாமன்

மிக்க நன்றி. பயிற்சி செய்த நாள்களில் சற்று வீங்குவதாகத் தங்கை சொல்கிறார். எடையும் நன்றாகவே கூடியிருக்கிறது. அடிபடுவதற்கு முந்தைய மாதம் ஆடிய ஆட்டத்தின் காணொலியை இங்கே இணைத்திருக்கிறேன். அவன் ஆட்டத்தில் அப்போதே இருந்த குறை என்னவென்று யாராவது பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்

ஐயா, நான் இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலம் ரக்பி பயிற்றுவித்தவன். அமெரிக்க ஆட்டத்தின் நுணுக்கங்கள் எல்லாம் அறிந்தவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளை ஆள் தள்ளும் எந்த ஆட்டத்திலும் உடலின் இலக்கணம் ஒன்றுதான். காணொலியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்து நகர்ந்ததும் முதல் இரண்டு அடியை உங்கள் மருமகன் அழகாக வைக்கிறான். மூன்றாவது அடியில் முழங்கால் நிமிர்ந்துவிடுகிறது, இடுப்பு வளைகிறது, தலை முன்னால் போகிறது. எதிரி நெஞ்சில் கை வைத்த பிறகே இவன் கைகள் எழுகின்றன. எழும்போதும் அகல விரிந்து தோளுக்கு வெளியே போகின்றன. செம்பனைக் குலை வெட்டிப் பழகிய உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், இடுப்பு வளைந்தால் கையில் பலம் நிற்காது என்பார்.

இது காலின் குற்றமன்று, பழக்கத்தின் குற்றம். இந்த மாதங்களிலேயே திருத்தத் தொடங்கலாம் என்பதுதான் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நாற்காலியில் அமர்ந்தபடியே, முழங்கை விலாவை ஒட்டியிருக்க, கட்டைவிரல் மேல்நோக்க, எதிரில் நிற்பவரின் நெஞ்சுக்குள் இரு கைகளையும் சட்டென்று வைக்கும் பயிற்சியை அவன் தம்பியை நிறுத்தியே நாள்தோறும் செய்யலாம். தன் பழைய ஆட்டங்களையும் அந்த மூன்றாவது அடியை மட்டும் கவனித்துப் பார்க்கட்டும். மருத்துவர் அனுமதித்த பின், கார்ட் இடத்தில் சில ஆட்டங்கள் தொடங்கலாமா என்று பயிற்றுநரிடம் அவனே கேட்கட்டும். பெரியவர்கள் போய்ப் பேசினால் அங்கே எடுபடாது என்றே நினைக்கிறேன்.

பதில்: இயன்முறை மருத்துவர், ஈப்போ

ஆசிரியர் ஐயா சொன்ன கைப்பயிற்சியை இன்றே தொடங்கலாம், தடையில்லை. வீக்கம் தொடர்ந்தால் தொடைத்தசை முழுமையாக வேலை செய்ய மறுக்கும். எவ்வளவு உழைத்தாலும் வலிமை ஏறாது. ஆகவே வீங்கிய நாளுக்கு அடுத்த நாள் பளுவைக் குறைக்க வேண்டும். எடையைப் பருவம் தொடங்கும் முன் அவசரமாகக் குறைக்காமல், உணவு ஆலோசகர் துணையோடு இப்போதிருந்தே படிப்படியாக இறக்கட்டும். தங்கையிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அறுவையின்போது மெனிஸ்கஸ் என்னும் மூட்டுத் தட்டையும் தைத்தார்களா, குருத்தெலும்பில் சேதம் ஏதும் இருந்ததா? மருத்துவ அறிக்கையில் அது எழுதப்பட்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால், இந்த வயதில் அவன் திரும்பி வந்து முன்னைவிட நன்றாக ஆடுவான் என்று நான் தயங்காமல் நம்புவேன். ஆகஸ்டில் முடியாமல் பருவத்தின் நடுவில், அக்டோபரில்தான் திடலில் இறங்க முடிந்தாலும் சரி.