ப்ளூபேர்ட் பெட்டியில் சிட்டுக்குருவி: விரட்டலாமா, விட்டுவிடலாமா?

மிசௌரிவாசி:
மார்ச்சில் கொல்லையில் கம்பம் நட்டு ஒரு கூட்டுப்பெட்டி வைத்தேன். ஈஸ்டர்ன் ப்ளூபேர்ட் என்கிற சின்ன நீலப் பறவை ஜோடி வந்தது. காய்ந்த புல்லில் கிண்ணம் போலக் கூடு, ஐந்து வெளிர்நீல முட்டை. சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் தாய்ப்பறவை செத்துக் கிடக்கிறது. தலையில் இறகே இல்லை, கொத்துக் கொத்தாகக் காயம். அதன் மேலேயே வைக்கோல், கோழியிறகு, சாக்லேட் காகிதம் என்று புதுக்கூடு எழும்பியிருக்கிறது. வேலிமேல் கறுப்புத் தொண்டை ஆண் சிட்டு உட்கார்ந்து விடாமல் கத்துகிறது. இனிமேல் சிட்டுக்குருவிக் கூட்டை எங்கே பார்த்தாலும் பிய்த்து எறியப்போகிறேன். தப்பா?

தாழ்வாரம்:
தப்புதான். எங்கள் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்து தொங்கும், சிட்டுக்காகவே. இப்போது ஊரில் அதைக் காணோமே என்று ஒவ்வொரு மார்ச் 20-ம் தேதியும், சிட்டுக்குருவி தினத்தில், புலம்பி, அட்டைப்பெட்டிக் கூடு கட்டித் தொங்கவிடுகிறோம். நீங்கள் இருக்கிற கூட்டைப் பிய்க்கிறேன் என்கிறீர்கள். அதுவா டிக்கெட் எடுத்து அமெரிக்கா வந்தது?

ஒஹாயோ_அண்ணாச்சி:
அதுவா வரவில்லை தங்கச்சி, அதுதானே பிரச்சினை. மரங்களை மொட்டையடித்த புழுக்களைத் தின்னும் என்று 1851-ல் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். ஐம்பது வருடத்தில் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. ப்ளூபேர்டுக்கு மரத்தைக் குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து வேண்டும், இல்லையென்றால் நாம் வைக்கிற பெட்டி. ஒன்றரை அங்குல ஓட்டை வைத்தால் ஸ்டார்லிங் (மைனா வகைப் பறவை) நுழையாது, சிட்டு நுழையும். சிட்டும் நுழையாதபடி சுருக்கினால் ப்ளூபேர்டும் வெளியே நிற்கும். ஓட்டையை வைத்து இதைத் தீர்க்க வழியே கிடையாது.

தாழ்வாரம்:
1958-ல் சீனாவில் சிட்டுக்குருவியை ஒழிக்கக் கிளம்பி, கடைசியில் பயிரைப் பூச்சி தின்ற கதை தெரியுமல்லவா?

ஒஹாயோ_அண்ணாச்சி:
தெரியும். ஆனால் அங்கே முக்கியமாக மாட்டியது மரச்சிட்டு, அந்த மண்ணின் பறவை. இது வேறு இனம், வேறு கண்டம். 1918-ம் வருட அமெரிக்கப் பறவைச் சட்டம் இங்குள்ள பறவைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு தருகிறது. சிட்டு, ஸ்டார்லிங், மாடப்புறா மூன்றுக்கும் தருவதில்லை.

தாழ்வாரம்:
சட்டம் விட்டால் கொன்றுவிடலாமா? 1966-லிருந்து நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இங்கேயும் சிட்டு குறைந்துகொண்டே வருகிறது. ப்ளூபேர்ட் கூடுகிறது. யாருக்கு இரக்கம் வேண்டும்?

ஒஹாயோ_அண்ணாச்சி:
ப்ளூபேர்ட் சும்மா கூடவில்லை. 1934-ல் இல்லினாயில் மசல்மன் என்பவர் சாலையோரம் வரிசையாகப் பெட்டி வைக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வாராவாரம் பெட்டியைத் திறந்து பார்ப்பதால்தான் கூடுகிறது.

மிசௌரிவாசிக்கு ஒன்று. கூட்டை மட்டும் பிய்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஆண் சிட்டுக்குப் பெட்டிமேல்தான் பிடிப்பு. கூடு போனால் வெறிபிடித்துப் பக்கத்துப் பெட்டி முட்டைகளை உடைக்கும். நானே பிய்த்து, பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் நாலு முட்டை போனது. இன்னும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். செய்ய வேண்டியது இது: பெட்டியைக் கட்டடத்திலிருந்து தள்ளி, புல்வெளி நடுவில் வையுங்கள். ப்ளூபேர்ட் முதல் முட்டை இட்ட அன்றே, பெட்டிக் கூரைக்கு மேலிருந்து பளபளக்கும் மைலார் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) பட்டைகள் காற்றில் ஆடுகிற மாதிரி தொங்கவிடுங்கள். முட்டை இட்ட தாய் அதற்குப் பயந்து ஓடாது, சிட்டு கிட்டே வரத் தயங்கும். குஞ்சு பறந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சிட்டுக்குப் பழகிப்போகும். சிட்டே முட்டை இட்டுவிட்டால் அதில் சோள எண்ணெய் தடவலாம். முட்டை பொரியாது, சிட்டு அதுபாட்டுக்கு அடைகாத்து உட்கார்ந்திருக்கும். ஆனால் ரென் என்கிற குட்டிப் பறவையின் முட்டையிலும் பழுப்புப் புள்ளி உண்டு. அதைத் தொட்டால் சட்டப்படி குற்றம். நன்றாகப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

தாழ்வாரம்:
மைலார் பட்டைக்கு நான் எதிரி இல்லை. எண்ணெய் தடவுவது மெதுவான கொலை, அவ்வளவுதான்.

ஒஹாயோ_அண்ணாச்சி:
பொரியாத முட்டைக்கும், தலை கொத்தப்பட்ட தாய்க்கும் வித்தியாசம் இல்லையா?

தாழ்வாரம்:
இருக்கிறது. அதற்காக எண்ணெய் டப்பாவை என் கையில் கொடுக்காதீர்கள். அது சரி, மிசௌரிவாசி, தீனித்தட்டில் என்ன போடுகிறீர்கள்?

மிசௌரிவாசி:
கடையில் இருப்பதிலேயே மலிவான கலவை. ஏன்?

தாழ்வாரம்:
பையைத் திருப்பிப் படியுங்கள்.

மிசௌரிவாசி:
பனிவரகு, உடைத்த சோளம், கொஞ்சம் சூரியகாந்தி. தட்டு பெட்டியிலிருந்து பத்தடிதான்.

ஒஹாயோ_அண்ணாச்சி:
இலைபோட்டுச் சிட்டைக் கூப்பிட்டதே நீங்கள்தானா! பனிவரகும் சோளமும் அதற்கு உயிர்.

மிசௌரிவாசி:
தட்டைக் கழற்றிவிட்டேன். பெட்டியை நாளைக்கு நகர்த்துகிறேன். ஆண் ப்ளூபேர்ட் இன்னும் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பை முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

தாழ்வாரம்:
நானும் மிசௌரிதான், செயின்ட் லூயிஸ், அதை எனக்குக் கொடுங்கள். ஆறாவது மாடிப் பால்கனி, சிட்டைத் தவிர ஒன்றும் எட்டிப் பார்ப்பதில்லை.