குய்சோ பள்ளத்தாக்குகள்: அது தரிசு நிலமா?

இளவேனில்:
தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில், அன்ஷுன் வட்டாரத்தில் உள்ள ‘தூன்பு’ என்னும் படைக்குடியிருப்பு ஊர்களைப் பற்றி எழுதிய நண்பர் செழியன், அங்கே குடியமர்ந்த மிங் அரசமரபின் படைவீரர்கள் தரிசைக் கழனியாக்கியவர்கள் என்று பாராட்டியிருந்தார். ‘தரிசு’ என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அண்டை நாடான யுன்னானில் எஞ்சியிருந்த மங்கோலிய ஆட்சியை வீழ்த்த 1381-இல் மிங் தளபதி ஃபூ யூதே தலைமையில் புறப்பட்ட ஏறத்தாழ 3 லட்சம் படையினரில் பலர், ஊர் திரும்ப விடப்படாமல், குய்சோ வழியே செல்லும் பெருவழியைக் காக்க அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். சுண்ணாம்புக்கல் மலைகள் நிறைந்த அந்த நாட்டில் நெல் விளையும் சமநிலம் அரிது. காவற்படைகள் அமர்ந்தது அங்கேதான். மியாவ், புயி, கெலாவ் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த நாடு அது. ஆளற்ற நிலமாக இருந்திருந்தால், கல்மதிலும் சுவரில் சுடுதுளைகளும் யாருக்கு அஞ்சிக் கட்டப்பட்டன?

செழியன்:
அச்சம் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீரனை நிலக் கொள்ளையனாகக் காட்டுவது நியாயமில்லை. மிங் சட்டப்படி படைக்குடி என்பது பரம்பரைக் கட்டு. ஒருவன் இறந்தாலோ ஓடினாலோ அவன் வீட்டிலிருந்தே இன்னொருவனைப் பிடித்து வருவார்கள். ஒரு காவற்படைக்கு 5,600 பேர் என்பது ஏட்டுக் கணக்கு; ஓடியவர்களால் அது நிரம்பவே இல்லை. எஞ்சியவர்கள் உழுதார்கள், அவர்களுடைய பெண்கள் பாதம் கட்டாமல் வயலில் இறங்கினார்கள். பிற்காலத்தில் வந்த ஹான் குடியேறிகளோ, அதாவது பெரும்பான்மைச் சீன இனத்தவரோ, இவர்களையே மியாவ் என்று எண்ணி ஒதுக்கினார்கள். 1902-இல் அங்கு சென்ற ஜப்பானிய ஆய்வாளர் தோரி ரியூசோதான் இவர்கள் மிங் படையினரின் வழியினர் என்று எழுதினார். இன்றும் அவர்களது களரிக்கூத்தில், ஆடுபவர் மரமுகமூடியை நெற்றியில் ஏற்றிக் கட்டி, முகத்தைக் கருந்துணியால் மறைத்து, அதன் வழியே பார்த்துக்கொண்டு ஆடுகிறார். கதைகள் எல்லாம் போர்க்கதைகளே. வீடு திரும்ப முடியாதவர்களின் நினைவு வேறெப்படி இருக்கும்?

இளவேனில்:
அவர்கள் பட்ட துயரம் உண்மை, செழியன். ஆனால் அந்தத் துயரத்தால் நிலத்தின் பழைய உரிமை அழிந்துவிடாது. 1735-இல் தென்கிழக்குக் குய்சோவில் மூண்ட மியாவ் கிளர்ச்சியை, மிங்குக்குப் பின் ஆண்ட சிங் அரசின் தளபதி சாங் குவாங்ஸி கொடூரமாக அடக்கியபின் என்ன நடந்தது என்று பாருங்கள். கொல்லப்பட்டவர்களின் வயல்களைச் சிங் அரசு ‘வாரிசற்றுப்போன மியாவ் நிலம்’ என்று வகைப்படுத்திப் படைக்குடிகளுக்குப் பங்கிட்டது. வாரிசுகளைக் கொன்றவர்களே வாரிசில்லை என்று எழுதினார்கள். குய்சோவை ஒட்டிய மேற்கு ஹுனானிலும் 1795 கிளர்ச்சிக்குப் பின் ஃபூ நாய் என்ற அதிகாரி இவ்வாறே நிலத்தைப் படைக்கணக்கில் சேர்த்தார். மியாவ் உழவர்கள் அதற்குக் குத்தகை அளந்தார்கள். பேரரசு வீழ்ந்த பின்னும் அது நீடித்து, 1930-களின் பிற்பகுதியில் அவர்கள் ஆயுதம் ஏந்திய பிறகே ஒழிந்தது.

செழியன்:
‘தரிசு’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அரசின் ஏட்டுச் சொல்லை நான் அப்படியே எடுத்தாண்டிருக்கக் கூடாது. ஆயினும் 1381-இல் போருக்கு இழுத்து வரப்பட்டவனையும், 1736-க்குப் பின் பறிக்கப்பட்ட வயலில் அமர்த்தப்பட்டவனையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

இளவேனில்:
வைக்க வேண்டாம். உழுதவன் வேறாக இருக்கலாம். இருமுறையும் நிலமிழந்து மலையேறியவர்கள் மியாவ் மக்களே.