ஜெனோவாவில் அசல் சாப்பாடு: சிவப்பு எண், பெஸ்டோவின் பச்சை, கடலை மாவு

ஜெனோவாவில் நான்கு நாள் தங்கல். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அறை. சுற்றுலாக்காரர்களுக்கென்று சமைக்காத, அசல் இத்தாலிய உணவகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே சாப்பிட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள். ஒருவர் சைவம்.

—

முதலில் தேடும் சொல்லை மாற்றுங்கள். "இத்தாலியன்" என்று தேடினால் கார்பனாரா, லசான்யா, பிட்ஸா மூன்றையும் படம் போட்டு விற்கிற கடைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். கார்பனாரா ரோம் நகரத்துச் சமையல், லசான்யாவின் புகழ்பெற்ற வடிவம் பொலோன்யாவுடையது, பிட்ஸா நேப்பிள்ஸுடையது. ஜெனோவா லிகூரியா மாநிலத்தின் தலைநகரம், அதன் சமையலே வேறு.

மெனு அட்டையில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பான்சோத்தி (கீரை அடைத்த பாஸ்டா, வால்நட் சாஸோடு வரும்), மாந்தில்லி (கைக்குட்டை மாதிரி மெல்லிய பாஸ்டா), தொர்த்தா பாஸ்குவாலினா (கீரை, தயிர் போன்ற பாலாடைக்கட்டி, முழு முட்டை வைத்த அடுக்குப் பை), அடைத்த நெத்திலி, சீமா (முட்டை, காய்கறி, இறைச்சி அடைத்துத் தைத்து வேகவைத்த கன்றிறைச்சி, ஆறிய பிறகு வெட்டித் தருவார்கள்). இவற்றில் மூன்று இருந்தால் உட்காரலாம். மெனு ஒரு பக்கத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அறுபது அயிட்டம் இருந்தால் பாதிக்கு மேல் உறைபெட்டியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். நேப்பிள்ஸில் "ஜெனோவேசே" என்றால் வெங்காயத்தை மணிக்கணக்கில் வதக்கிச் செய்யும் இறைச்சிக் குழம்பு. பெயரில்தான் ஜெனோவா, அந்த ஊரில் அது கிடையாது. இங்கே இறைச்சிக் குழம்புக்குப் பெயர் தொக்கோ. (நம் தொக்குக்கும் இதற்கும் உறவில்லை!)

—

முகவரி விஷயத்தை யாராவது சொல்லியே ஆகவேண்டும். ஜெனோவாவில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள் ஓடுகின்றன: வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்குச் சிவப்பு எண். முகவரியில் எண்ணுக்குப் பின்னால் "ஆர்" எழுத்து இருந்தால் அது சிவப்பு. கறுப்பு 16-ம் சிவப்பு 16-ம் அடுத்தடுத்து இருக்கவேண்டியதில்லை, நடுவே நூறு மீட்டர் கூட இருக்கலாம். கைபேசி வரைபடம் சில நேரம் கறுப்பு எண்ணுக்குக் கொண்டுபோய் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நிறுத்திவிடும். பழைய நகரின் சந்துகளில், அவர்கள் மொழியில் கரூஜி, சிக்னலும் சரியாகக் கிடைக்காது. சுவரில் பதித்த பலகையின் நிறத்தைப் பார்த்து நடங்கள்.

—

பெஸ்டோதான் இந்த ஊரின் உரைகல். வாயில் வைப்பதற்கு முன்பே தட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சேர்மானம் ஏழு: துளசிக் குடும்பத்து பேசில் இலை, ஆலிவ் எண்ணெய், பைன் கொட்டை, பார்மிஜானோ சீஸ், சார்டினியாவின் ஆட்டுப்பால் சீஸான பெக்கோரீனோ, பூண்டு, கல்லுப்பு. பழைய துறைமுக நகரமான ஜெனோவாவில் 2007 முதல் நடக்கும் உலக பெஸ்டோ போட்டியில் பளிங்கு உரலும் மர உலக்கையும் மட்டும்தான். அங்கே புழங்கும் அளவு: இலை 60–70 கிராம், பைன் கொட்டை 30, பார்மிஜானோ 45–60, பெக்கோரீனோ 20–40, பூண்டு ஒன்றிரண்டு பல், கல்லுப்பு 10 கிராமுக்குள், எண்ணெய் 60–80 மில்லி. பூண்டும் கொட்டையும் முதலில், பிறகு உப்போடு இலை, அப்புறம் சீஸ், கடைசியில் எண்ணெய்.

இலை நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான் (சப்ஜா விதை தரும் செடி), ஆனால் ரகம் வேறு. ஜெனோவாவின் மேற்குப் பகுதியான ப்ராவில் கண்ணாடிக் குடில்களில் வளர்த்து, செடி சாணளவு கூட ஆகுமுன்னே பிடுங்கிவிடுவார்கள். முற்றினால் புதினா வாடை வரும். சாப்பிடும்போது புதினா நெடி தெரிந்தால் இலை வேறெங்கோ வளர்ந்தது, அல்லது முற்றியது.

தட்டில் பார்க்கவேண்டியவை: நிறம் வெளிர்பச்சையாக, கொஞ்சம் பால் கலந்தாற்போல் இருக்கவேண்டும். கரும்பச்சையாக, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் வாணலியில் சூடாக்கியிருக்கிறார்கள். சூடு பட்டதும் இலை கறுக்கும், சீஸ் திரிந்து நூல் நூலாக இழுபடும். பெஸ்டோவை அடுப்பிலேயே வைக்கக்கூடாது. பாஸ்டா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டுத் தளர்த்தி, வடித்த பாஸ்டாவில் கிண்ணத்திலேயே பிரட்டுவதுதான் முறை. மாறாக, பிளாஸ்டிக் போலப் பளிச்சென்ற பச்சை அரைமணி நேரமாகியும் மாறாமல் இருந்தால் இலையைக் கொதிநீரில் முக்கி எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். நிறம் நிற்கும், மணம் போய்விடும்.

இனிப்பு தட்டினால் முந்திரி. பைன் கொட்டை விலை அதிகம் என்பதால் பாட்டிலில் அடைத்த பெஸ்டோ பலவற்றில் முந்திரியும் சூரியகாந்தி எண்ணெயும்தான்.

பாஸ்டா ட்ரெனெட்டே அல்லது ட்ரோஃபியே. அதோடு உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் அதே தண்ணீரில் வெந்து வரவேண்டும்: கிழங்கு முதலில், பீன்ஸ் பிறகு, பாஸ்டா கடைசியில். கிழங்கின் மாவுதான் சாஸைப் பாஸ்டாவில் ஒட்டவைக்கிறது. அது இல்லாமல் கொடுக்கும் கடைகளும் உண்டு, குற்றமில்லை. மேலே கிரீம் ஊற்றியிருந்தால் எழுந்துவிடுங்கள்.

—

சைவ நண்பருக்கு: பெஸ்டோ பார்க்கச் சைவம், ஆனால் பார்மிஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டு உறைய வைக்கிறார்கள். பெக்கோரீனோவிலும் ஆட்டுக்குட்டியினுடையது. அது பரவாயில்லை என்றால் சாப்பிடலாம். பான்சோத்தியின் உள்ளே கீரையும் சீஸும், மாவில் முட்டை. மினஸ்த்ரோனே என்ற காய்கறி சூப்பில் இறைச்சிச் சாறு விட்டார்களா என்று கேளுங்கள்.

சந்தேகமே வேண்டாத ஒன்று ஃபரினாட்டா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, தீர்ந்தது. நம் கடலைப்பருப்பு மாவு அல்ல, வெள்ளைக் கொண்டைக்கடலை மாவு. ஆர்டர் செய்யும்போது மட்டும் "வெறும் ஃபரினாட்டா" என்று சொல்லுங்கள், மேலே பொடிமீன் போட்டும் விற்பார்கள்.

—

ஃபரினாட்டாவை அப்படிக் கடந்துபோக முடியாது. ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். கரைத்துக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் ஊறவேண்டும். மேலே திரளும் நுரையை வழித்து எறிவார்கள், இல்லாவிட்டால் அது கருகிக் கசக்கும். ஈயம் பூசிய பெரிய செம்புத் தட்டில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, அதன்மேல் கரைசலை அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு விட்டு, மரக்கரண்டியால் எண்ணெய் மேலெழும்படி கலக்கி, 300 டிகிரி விறகு அடுப்பில் தள்ளுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம். மேலே பொன்னிறப் பொருக்கு, உள்ளே கஞ்சித்தன்மை மாறாத மென்மை.

கெட்டுப்போவது எப்படி? ஊறாத மாவு பச்சை வாடை அடிக்கும். தட்டு சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் களி. மின்னடுப்பின் மேல்சூடு போதாவிட்டால் வெளுத்துக் கிடக்கும். மறுபடி சூடாக்கினால் தோல் மாதிரி இழுக்கும், ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டி அடுக்கி வைத்ததைத் தொடவே வேண்டாம். "அடுத்த தட்டு எப்போது வரும்?" என்று கேட்டுக் காத்திருங்கள். கிடைத்ததும் மிளகுத்தூள் தூவி, நின்றபடியே.

இதற்கான கடைகளை சியமாத்தா என்பார்கள், தீப்பிழம்பு என்று பொருள். ஜுஸ்தினியானி தெருவில் சா பெஸ்தா, சான் ஜோர்ஜோ தெருவில் அந்தீக்கா சியமாத்தா இரண்டும் பெயர் பெற்றவை. 1284-ல் பீசாவோடு நடந்த மெலோரியா கடற்போரின்போது கப்பலில் மாவும் எண்ணெயும் கடல்நீரில் கொட்டிப் பிறந்த பண்டம் என்று கதை சொல்வார்கள். கதைதான், ருசிக்குக் குறைவில்லை.

—

துறைமுகத்தை ஒட்டினால் எல்லாமே மோசம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கப்பல்துறைக்கு நேர் எதிரே சொத்தோரீப்பா என்ற பழைய வளைவு நடைபாதை இருக்கிறது. அங்கே கரேகா போன்ற பொரிப்புக் கடைகளில் காகிதத்தில் சுருட்டித் தரும் நெத்திலி வறுவலுக்கு மேசை விரிப்புப் போட்ட எந்த உணவகமும் ஈடாகாது. நெத்திலியையே கேளுங்கள், அது உள்ளூர்க் கடல் மீன். கணவாய் வளையங்கள் பெரும்பாலும் உறைய வைத்தவை. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைந்த சரக்கு என்று பொருள், அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும்.

முழு மீன் வாங்கும்போது கவனம். மெனுவில் "எத்தோ" என்று போட்டிருந்தால் அது 100 கிராமின் விலை. 6 யூரோ என்று பார்த்துவிட்டு 700 கிராம் மீனுக்குத் தலையாட்டினால் 42 யூரோ. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

—

காலை உணவுக்கு ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டி. விரற்குழி பதித்து, தண்ணீர்–எண்ணெய்–உப்புக் கரைசலை அந்தக் குழிகளில் ஊற்றிப் பொங்கவைத்துச் சுடுவது. சரியாக வந்திருந்தால் மேடு பொன்னிறம், குழி வெண்மை. உயரம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது வேறு ஊர் ரொட்டி. உப்புப் பக்கம் நாக்கில் படும்படி தலைகீழாகக் கடிப்பது உள்ளூர்ப் பழக்கம். கப்புச்சீனோவில் முக்குகிறவர்களும் உண்டு. மதியத்துக்குமேல் வாங்காதீர்கள், ரப்பராகிவிடும்.

சீஸ் வைத்தது தனி. ஈஸ்ட் இல்லாத மெல்லிய இரண்டு தகடுகள், நடுவே இளம் சீஸ். "ரெக்கோ ஃபொகாச்சா" என்ற காப்புப் பெயரை 2015 முதல் ரெக்கோ, சோரி, கமோல்யி, அவென்யோ என்ற நான்கு ஊர்களில் செய்வதற்கு மட்டுமே போடலாம். ஜெனோவா கடைகளில் வெறும் "சீஸ் ஃபொகாச்சா" என்று எழுதியிருப்பது நேர்மையான கடை. ரெக்கோவுக்கே ரயிலில் போய்ச் சாப்பிடுவது உத்தமம்.

—

நேரம்: மதியம் 12:30 முதல் 2:30 வரை, இரவு 7:30-க்கு மேல். மாலை ஐந்து மணிக்குப் பாஸ்டா தரும் கடை உங்களுக்காகத்தான் திறந்திருக்கிறது. பில்லில் தலைக்கு இரண்டு மூன்று யூரோ "கொப்பேர்த்தோ" என்று வரும், ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், மெனுவிலேயே போட்டிருக்கவேண்டும். போடாமல் சேர்த்தால் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜெனோவாவில் இருந்தால் ஸ்டொக்கஃபிஸ்ஸோ தேடுங்கள்: உப்பில்லாமல் காய்ந்த நார்வே கருவாட்டைப் பல நாள் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, ஆலிவ், பைன் கொட்டை, தக்காளியோடு தளதளவென்று வேகவைப்பது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் போகிறீர்களானால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள், குடும்பம் நடத்தும் பல கடைகள் அந்த வாரம் பூட்டியிருக்கும்.